11 விநாடி பறந்த 16 கிராம் விமானம்: ரைட் சகோதரர்களுக்கு முன்பே 'வால்' ரகசியத்தைப் பிடித்த அல்போன்ஸ் பெனோவின் கதை

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே மணல் மேட்டில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் 12 விநாடி காற்றில் இருந்தது. கடந்த தூரம் சுமார் 37 மீட்டர். மனிதன் பறந்த வரலாறு இங்கேதான் ஆரம்பிக்குதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம்.

அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு, 1871 ஆகஸ்ட் 18. பாரிஸ் நகரின் ட்யூலரி தோட்டத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் கையிலிருந்து ஒரு குட்டி விமானத்தை விடுவித்தார். அது 11 விநாடி பறந்தது. கடந்த தூரம் சுமார் 40 மீட்டர். கிட்டத்தட்ட அதே நேரம், அதே தூரம்!

வித்தியாசம் என்னன்னா, அந்த விமானத்தின் எடை வெறும் 16 கிராம். அதில் ஆள் கிடையாது, இன்ஜின் கிடையாது. முறுக்கிவிட்ட ரப்பர் மட்டும்தான்.

அந்த இளைஞரின் பெயர் அல்போன்ஸ் பெனோ. விமான வரலாற்றைப் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். வார இறுதியில் தெர்மோகோலும் மோட்டாரும் வாங்கி ரிமோட் விமானம் செய்யும் பலருக்கோ தெரியாத பெயர். ஆனால், அவர்கள் ஒவ்வொரு முறை விமானத்தை டெஸ்ட் செய்யும்போதும் பெனோ கண்டுபிடித்த விஷயத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். யார் இந்த பெனோ? 30 வயதிலேயே அவருடைய கதை ஏன் முடிந்துபோனது? பார்ப்போம்.

கடற்படை வீட்டுப் பிள்ளை

பெனோ பிறந்தது 1850-ல், பாரிஸில். அப்பா பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல். அந்த வீட்டுப் பையன் என்ன ஆகணும்னு யாரும் தனியா யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா போன வழியில் கப்பலுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால், இடுப்பு எலும்பைத் தாக்கிய ஒரு நோய் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதே சிரமமானது. கடற்படையின் கதவு அவருக்கு மூடிவிட்டது.

கப்பலுக்குப் போக முடியாத பையன் காற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பறப்பது என்றாலே பலூன்தான். காற்றை விட லேசான வாயுவை நிரப்பினால் பலூன் மேலே போகும். ஆனா, காற்று எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்தான் போகும். காற்றை விடக் கனமான ஒரு இயந்திரம் தன் சொந்த சக்தியில் பறக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை ஐரோப்பாவின் படித்தவர்களில் பலர் கிண்டலாகத்தான் பார்த்தார்கள்.

முறுக்கிய ரப்பர்: அந்தக் காலத்து பேட்டரி

மாடல் விமானம் செய்ய நினைத்த எல்லோரும் முட்டிக்கொண்டு நின்ற இடம் ஒன்றுதான். சக்தி எங்கிருந்து வரும்?

நீராவி இன்ஜின் இருந்தது. ஆனால், அது பயங்கர கனம். கடிகாரத்தில் இருக்கிற மாதிரி உலோகச் சுருளைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். திமிங்கல எலும்பை வில் போல வளைத்து, அதன் கயிற்றால் இறகுகளைச் சுற்றவைத்து பொம்மை ஹெலிகாப்டர் செய்தவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே பிரச்சினைதான். எடையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் சக்தி ரொம்பக் கம்மி.

1870-ல் பெனோ எடுத்த முடிவு பார்க்க ரொம்ப சிம்பிள். ரப்பர் இழைகளை எடுத்து முறுக்குவது. முறுக்கிய ரப்பர் தன் எடைக்கு நிறைய சக்தியைச் சேமித்து வைக்கும். அதற்குப் பல்சக்கரம் வேண்டாம், பெட்டி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறு முனையில் புரொப்பெல்லரை இணைத்தால் போதும். ரப்பர் பிரியப் பிரிய புரொப்பெல்லர் சுற்றும்.

இதை வைத்து அவர் முதலில் செய்தது ஒரு பொம்மை ஹெலிகாப்டர். மேலே ஒரு ரோட்டார், கீழே ஒரு ரோட்டார், இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றும். கையை விட்டதும் விர்ரென்று 15 மீட்டர் உயரம் வரைகூடப் போய், கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக இறங்கும். இந்தப் பொம்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் திரும்ப வரும்.

போர் முடிந்த நகரத்தில் 11 விநாடி

அதே 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்தது. பாரிஸ் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. வெளியுலகத்துக்குக் கடிதம் அனுப்ப நகர மக்களுக்கு இருந்த வழி பலூன். 60-க்கும் மேற்பட்ட பலூன்கள் முற்றுகையைத் தாண்டிப் பறந்தன. போன பலூன்கள் போனதுதான். காற்றை எதிர்த்து பாரிஸுக்குத் திரும்பிவர அவற்றால் முடியவில்லை. பலூனின் பலம், பலவீனம் இரண்டையும் ஒரு நகரமே நேரில் பார்த்தது.

போர் முடிந்த கையோடு உள்நாட்டுக் கலவரம். 1871 மே மாதத்தில் ட்யூலரி அரண்மனை தீக்கிரையானது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. எரிந்த அரண்மனையின் மிச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே தோட்டத்துக்குத்தான் பெனோ தன் புது மாடலோடு வந்தார். பிரெஞ்சு விமானப் பயணச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பார்ப்பதற்காகக் கூடியிருந்தார்கள்.

அந்த மாடலுக்கு அவர் வைத்த பெயர் 'ப்ளானோஃபோர்'. சுமார் 50 செ.மீ. நீளமுள்ள ஒரு குச்சி. அதன் மேல் 45 செ.மீ. இறக்கை. குச்சிக்குக் கீழே முறுக்கிய ரப்பர். பின்பக்கத்தில் ஒரு சின்ன வால் இறக்கை, கடைசியில் புரொப்பெல்லர். மொத்த எடை 16 கிராம். அதில் ரப்பர் மட்டும் 5 கிராம்.

இன்றைக்கு ரிமோட் விமானம் செய்பவர்கள் பயன்படுத்தும் மிகச் சாதாரண சர்வோ மோட்டாரின் எடை 9 கிராம். அதாவது, இரண்டு சர்வோவின் எடைகூட இல்லாத ஒரு முழு விமானம்!

ரப்பருக்குச் சுமார் 240 சுற்று முறுக்கு கொடுத்து விடுவித்தார். விமானம் வட்டமடித்துப் பறந்தது. குத்திக்கொண்டு விழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழவில்லை. கயிறு கட்டி யாரும் இழுக்கவில்லை. 11 விநாடி கழித்து ரப்பர் ஓய்ந்ததும் மெதுவாகத் தரையிறங்கியது.

தானாகவே சமநிலையைப் பார்த்துக்கொண்டு, தன் சொந்த சக்தியில், நிலையான இறக்கையோடு பறந்த ஒரு விமானத்தை மக்கள் கூடி நின்று பார்த்தது அன்றுதான்.

வாலில் என்ன மேஜிக்?

ரப்பர் சக்தியைக் கொடுத்தது. ஆனால், பெனோவின் உண்மையான சாதனை ரப்பரில் இல்லை, வாலில் இருக்கிறது.

ஒரு காகிதத்தை அப்படியே பறக்க விடுங்கள். என்ன ஆகும்? குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே விழும். இறக்கை மட்டும் இருந்தால் விமானத்துக்கும் அதே கதிதான். சின்ன காற்று அடித்து மூக்கு கொஞ்சம் மேலே போனாலும், அது இன்னும் மேலே போகும். திரும்பி வராது.

பெனோ செய்தது இரண்டு விஷயம். ஒன்று, விமானத்தின் எடை மையத்தைக் கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி வைத்தார். அப்படி வைத்தால் மூக்கு கீழே இறங்கப் பார்க்கும். இரண்டு, பின்னால் இருக்கும் வாலை இறக்கையை விட 8 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கிய கோணத்தில் பொருத்தினார். அதனால் காற்று வாலைக் கீழே அமுக்கும். வால் கீழே போனால் மூக்கு மேலே வரும். ரெண்டும் சரிக்குச் சரி.

இப்போ பாருங்க. விமானம் மூக்கைக் கவிழ்த்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வால் மேல் விழும் அமுக்கம் கூடும். மூக்கு தானாக மேலே வந்துவிடும். மூக்கு ரொம்ப நிமிர்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வாலின் அமுக்கமும் குறையும். மூக்கு தானாகக் கீழே இறங்கும். பைலட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு கோணமும் எடை இருக்கும் இடமும் சேர்ந்து விமானத்தை ஓட்டுகின்றன. தராசு முள் ஆடி ஆடி நடுவுக்கே வருகிற மாதிரி.

பக்கவாட்டுச் சமநிலைக்கும் ஒரு வழி வைத்திருந்தார். இறக்கையின் இரண்டு நுனிகளையும் மேல்நோக்கி வளைத்துவிட்டார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த பக்க இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் மோதும். அந்தப் பக்கம் தூக்கு விசை அதிகமாகி, விமானம் மறுபடி நிமிரும். இன்றைக்கு இதை டைஹெட்ரல் என்கிறோம்.

நியாயமாகச் சொன்னால், வாலின் கோணத்தை மாற்றி சமநிலை கொண்டுவரும் யோசனை இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி என்பவருக்கு 1800-களின் தொடக்கத்திலேயே வந்திருந்தது. அவர் செய்தது இன்ஜின் இல்லாத கிளைடர். அதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். பெனோ அதைத் தன் வழியில் கண்டடைந்து, சக்தியோடு பறக்கும் மாடலில் நிரூபித்து, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கத்தையும் எழுதி வெளியிட்டார். அதனால்தான் பிற்காலத்தில் அந்த அமைப்புக்கு 'பெனோ வால்' என்றே பெயர் நின்றது.

உங்க விமானம் ஏன் குத்திட்டு விழுது?

இது 150 வருஷப் பழைய கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஃபோம் போர்டில் முதல் எலக்ட்ரிக் விமானம் செய்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, லிப்போ பேட்டரி, ரிசீவர், சர்வோ என எல்லாவற்றையும் சரியாக இணைத்திருப்பார்கள். மோட்டார் ஜோராகச் சுற்றும். தூக்கி எறிந்ததும் மூன்றே விநாடியில் தரையில் கிடக்கும்.

பெரும்பாலும் தப்பு எலக்ட்ரானிக்ஸில் இருக்காது. பெனோ போட்ட அதே கணக்கில்தான் இருக்கும்.

• விட்டதும் நேராக மூக்கில் குத்துகிறதா? எடை அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது, அல்லது வாலின் கோணம் போதவில்லை. பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள், அல்லது எலிவேட்டரைத் துளி மேலே வையுங்கள்.

• மேலே ஏறி, நின்று, சரிந்து, மறுபடி ஏறுகிறதா? எடை பின்னால் இருக்கிறது, அல்லது எலிவேட்டர் அதிகமாக மேலே இருக்கிறது. பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். சாதாரண விமான வடிவத்துக்கு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 30 சதவீத தூரத்தில் எடை மையம் இருப்பது நல்ல தொடக்கம். இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

• த்ராட்டில் கொடுத்தால் மட்டும் மூக்கு நிமிர்கிறதா? மோட்டாரை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள்.

• த்ராட்டில் கொடுத்தால் இடப்பக்கம் சாய்கிறதா? புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றும்போது விமானத்தை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். மோட்டாரைச் சற்று வலப்பக்கம் திருப்பினால் சரியாகும். ஒரே ஒரு புரொப்பெல்லர் வைத்த எல்லோரும் சந்திக்கும் பிரச்சினை இது. பெனோவின் மாடலும் இதற்கு விலக்கில்லை.

முக்கியமான விஷயம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மோட்டார் ஓடாமல், புல்தரையில் மெதுவாக வீசிப் பாருங்கள். சரியாகச் சறுக்கி இறங்கினால்தான் மோட்டாரைத் தொட வேண்டும். சின்னதாகச் செய்து பார், கோளாறைக் கண்டுபிடி, திருத்து, மறுபடி பறக்க விடு. பெனோ போன்றவர்கள் போட்டுத் தந்த பாதை இதுதான்.

1876: காகிதத்தில் மட்டும் பறந்த விமானம்

ப்ளானோஃபோரோடு பெனோ நின்றுவிடவில்லை. இறக்கை அடித்துப் பறக்கும் ரப்பர் பறவை ஒன்றையும் செய்தார். காற்றின் எதிர்ப்பு பற்றி எழுதினார். ஆனால், அவர் மனதில் இருந்தது பொம்மை இல்லை. மனிதர்கள் ஏறிப் போகும் விமானம்.

1876 பிப்ரவரியில், பால் கோஷோ என்ற மெக்கானிக்குடன் சேர்ந்து அதற்கான காப்புரிமையைப் பெற்றார். அந்த வரைபடத்தில் என்ன இருந்தது தெரியுமா?

• இரண்டு பேர் அமரும், ஒற்றை இறக்கை விமானம். நீரிலும் நிலத்திலும் இறங்கும்.

• எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். ஒன்றின் திருப்பு விசையை இன்னொன்று ஈடுகட்டிவிடும்.

• பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்க, காற்றை அமுக்கி வேலை செய்யும் ஷாக் அப்சார்பர்.

• பைலட்டுக்கு மேலே கண்ணாடி மூடி.

• எலிவேட்டர், ரட்டர் இரண்டையும் இயக்க ஒரே கைப்பிடி. இன்றைக்கு நாம் ஜாய்ஸ்டிக் என்று சொல்வது.

• திசைகாட்டி, உயரம் அறிய பாரோமீட்டர், சாய்வு காட்டும் மட்டம்.

இதெல்லாம் 1876-ல்! மடங்கும் சக்கரமும் மூடிய காக்பிட்டும் விமானங்களில் சாதாரணமாக வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. விமானத்தின் எடை சுமார் 1,200 கிலோ, தேவைப்படும் சக்தி 20 முதல் 30 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 95 கி.மீ. என்று கணக்கும் போட்டிருந்தார்கள்.

ஆனால், அந்தச் சக்தியை அவ்வளவு குறைந்த எடையில் தரும் இன்ஜின் அன்றைக்கு உலகத்தில் எங்கேயுமே இல்லை. 16 கிராம் விமானத்துக்கு ரப்பர் போதும். 1,200 கிலோவுக்கு?

திறக்காத கதவுகள்

இன்ஜின் இல்லை என்றால் உருவாக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். குறைந்தபட்சம், கொஞ்சம் பெரிய மாடல்கள் செய்து பார்க்கவாவது பணம் வேண்டும். பெனோ தேடிய இடங்களில் அது கிடைக்கவில்லை.

பணம் கிடைக்காதது ஒரு பக்கம் என்றால், விமர்சனமும் கேலியும் இன்னொரு பக்கம். துணை நிற்பார்கள் என்று நம்பிய வட்டாரத்திலிருந்தும் ஆதரவு வற்றியது. உடல்நிலை மோசமாகிக்கொண்டே போனது.

கடைசி நம்பிக்கையாக அவர் பார்த்தது ஹென்றி கிஃபார்டை. 1852-ல் நீராவி இன்ஜின் பொருத்திய வான்கப்பலில் பறந்து பெயர் வாங்கியவர் கிஃபார்டு. நீராவி இன்ஜின்களுக்கான கண்டுபிடிப்பு ஒன்றில் பெரும் பணம் சம்பாதித்தவர். பணமும் இருக்கிறது, பறப்பது என்றால் என்னவென்றும் தெரியும். இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? முதலில் ஊக்கமாகப் பேசிய கிஃபார்டு, பிறகு உதவ முன்வரவில்லை.

1880 அக்டோபரில் பெனோ தன் வரைபடங்களை எல்லாம் ஒரு சிறிய சவப்பெட்டி போன்ற பெட்டியில் அடுக்கி, கிஃபார்டின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30.

இதைப் பலரும் ஒரு மேதையின் சோக முடிவு என்று அழகாக்கிச் சொல்வார்கள். அதில் அழகு எதுவும் இல்லை. தொடர் உடல்வலி, ஏமாற்றம், தனிமை எல்லாம் சேர்ந்த ஒரு இளைஞருக்கு, நேரத்தில் கை கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது. அவர் பிழைத்திருந்தால், ரைட் சகோதரர்கள் பறந்த ஆண்டில் அவருக்கு 53 வயதுதான் ஆகியிருக்கும். தான் தேடிய இன்ஜின் வந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்.

பெனோவுக்குத் தெரியாமல் நடந்த ஒன்று

இங்கேதான் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் திரும்ப வருகிறது.

பெனோவின் ரப்பர் ஹெலிகாப்டரைப் பின்பற்றி செய்த பொம்மைகள் கடைகளில் விற்பனைக்கு வந்திருந்தன. 1878-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வசித்த ஒரு பாதிரியார், பயணம் முடிந்து வீடு திரும்பும்போது தன் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர், அவ்வளவுதான். கையிலிருந்து விட்டதும் அது தரையில் விழவில்லை. நேராக உத்தரத்தில் போய் முட்டிக்கொண்டு படபடத்தது.

பெரிய பையனுக்கு 11 வயது. பெயர் வில்பர். சின்னவனுக்கு 7 வயது. பெயர் ஆர்வில். குடும்பப் பெயர் ரைட்.

இன்னொரு ஆச்சரியம். ட்யூலரி தோட்டத்தில் ப்ளானோஃபோர் பறந்த மறுநாள், 1871 ஆகஸ்ட் 19 அன்றுதான் ஆர்வில் ரைட் பிறந்திருந்தார்.

பொம்மை சீக்கிரமே உடைந்துவிட்டது. பையன்கள் விடவில்லை. தாங்களே அதேபோல் செய்தார்கள். சின்னது நன்றாகப் பறந்தது. பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தது. ஏன் என்று அந்த வயதில் அவர்களுக்குப் புரியவில்லை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்காகும். சக்தியும் அதற்கேற்ப ஏற வேண்டும். பெனோவை மாடலிலிருந்து நிஜ விமானத்துக்குப் போகவிடாமல் தடுத்ததும் இதே கணக்குதான்.

தங்கள் ஆர்வம் அந்தப் பொம்மையில் தொடங்கியதை ரைட் சகோதரர்கள் பின்னாளில் தாங்களே எழுதினார்கள். பாரிஸில் பெனோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய யோசனை கடல் தாண்டி ஒரு வீட்டுக் கூடத்தில் பறந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

பெனோ சரியா? ரைட் சகோதரர்கள் சரியா?

அதற்காக, பெனோவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவருடைய சிந்தனையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது.

விமானம் தானாகவே சமநிலையில் இருக்க வேண்டும், பைலட் கப்பலைப் போல திசையை மட்டும் திருப்பினால் போதும் என்று அவர் கருதினார். அதனால், அவருடைய 1876 வடிவமைப்பில் எலிவேட்டரும் ரட்டரும் இருந்தன. ஆனால், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்புவதற்கு வழி இல்லை.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுபவர்தான் சமநிலைப்படுத்த வேண்டும், வளைவில் சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் இறக்கையையே முறுக்கிச் சாய்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால், பெனோவின் வாலை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எலிவேட்டரை மூக்குப் பக்கம் வைத்தார்கள். விளைவு, 1903 விமானம் ஓட்ட ரொம்பக் கஷ்டமானது. சதா ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் உலகம் இரண்டு பேருடைய பாடத்தையும் சேர்த்துக்கொண்டது. சாய்த்துத் திருப்பும் கட்டுப்பாடு ரைட் சகோதரர்களிடமிருந்து. சமநிலை தரும் வால் பெனோ காட்டிய இடத்தில், அதாவது பின்னால். இன்று ஏர்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் பயணிகள் விமானத்தின் பின்பக்கச் சின்ன இறக்கை இருக்கிறதே, அது ப்ளானோஃபோரின் வாரிசு.

ரப்பரிலிருந்து லித்தியம் வரை

பெனோவின் ரப்பர் முறை அவரோடு மறைந்துவிடவில்லை. அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லேங்லி 1880-களின் கடைசியில் ரப்பர் மாடல்களில்தான் தன் சோதனைகளைத் தொடங்கினார். 1896-ல் அவருடைய ஆளில்லாத நீராவி விமானம் ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்தது. அதிலும் பெனோ பாணி வால்தான்.

அதன்பிறகு மாடல் விமானங்களுக்குப் பெட்ரோல் இன்ஜின் வந்தது. ரேடியோ கட்டுப்பாடு வந்தது. 1957-ல் மின்மோட்டாரில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் இங்கிலாந்தில் பறந்தது. பேட்டரி கனமாக இருந்ததால் எலக்ட்ரிக் விமானம் நீண்ட காலம் ஒரு சிலரின் ஆசையாகவே இருந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவான பிறகுதான் வீட்டு மேஜையில் ஃபோம் போர்டை வெட்டி ஒட்டி, அதே வாரம் பறக்கவிடும் காலம் வந்தது.

பெனோ தேடியது என்ன? குறைந்த எடையில் அதிக சக்தி. அது இன்று நம் உள்ளங்கை அளவு பேட்டரியில் இருக்கிறது. அவருக்குக் கிடைக்காமல் போனது இன்று ஒரு காலேஜ் மாணவரின் பாக்கெட் மணிக்குள் வந்துவிட்டது. ஆனால், அவர் கண்டுபிடித்த கோணமும் எடை மையமும் மாறவே இல்லை. பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வால் தப்பாக இருந்தால் விமானம் தரையில்தான்.

அடுத்த முறை உங்கள் விமானத்தைக் கையில் எடுத்து, இரண்டு விரலில் தாங்கி, பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கும்போது, ஊன்றுகோலோடு தோட்டத்துக்கு வந்த அந்த 21 வயதுப் பையனை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் பக்கத்தில் யாராவது சரிவராத யோசனை ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

*தற்கொலை எண்ணம் எதற்கும் தீர்வல்ல. மனஅழுத்தம் ஏற்பட்டாலோ, தற்கொலை எண்ணம் தோன்றினாலோ பேச ஆள் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் உதவி எண் 104, தேசிய மனநல உதவி எண் 14416.*